கல் கூறும் சான்று

கல்லுக்கு வாயில்லை, ஆயினும் அது பொய் கூறுவதில்லை. கல்லைப்பற்றிய பொய்களெல்லாம் அதைப் பார்த்த மாந்தன் தன் வாயால் சேர்த்தவை. மலையின்மேலும் பாலையின் நடுவிலும் கிடக்கும் கடலுயிர்களின் கல்லுருக்களே இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு.

உலகின் மிகவுயர்ந்த கொடுமுடியாகிய எவரெசுட்டின் உயரம் 29,031 அடி. அதன் உச்சிப்பாறை சுண்ணக்கல். அக்கல்லினுள் கடலல்லிகளின் காம்புத் துணுக்குகளும், முக்கூறாகப் பிரிந்த உடலையுடைய பண்டைக் கடற்கணுக்காலிகளின் ஓட்டுத் துணுக்குகளும் உள. அதே இமயத்தின் சுபித்திப் பள்ளத்தாக்கில், மூச்சுத் திணறும் உயரத்தில், ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட கடலோடுகள் கருங்களிக்கல்லில் பதிந்துள்ளன. எகிபதின் மேற்குப் பாலையில் திமிங்கலங்களின் எலும்புக்கூடுகள் மணல்மேல் நீண்டு கிடக்கின்றன. இராசத்தானத்துப் பாலையின் செய்சல்மேர் வட்டாரத்து மஞ்சட்கற்களிலும் கடற்சிப்பிகள் உள.

இவை அங்கு எவ்வாறு வந்தன? இவ்வினாவுக்கு மாந்தர் இருவகையாக விடை தேடினர். ஒரு சாரார் தாம் முன்னரே நம்பிய கதையைக் கல்லின்மேல் ஏற்றினர். மறுசாரார் கல்லையே உற்றுநோக்கி, அது காட்டும் சான்றைப் பின்பற்றிச் சென்றனர். முதல் வழி பல நூற்றாண்டுகளை வீணாக்கியது. இரண்டாம் வழி ஞாலத்தின் வரலாற்றையே திறந்து காட்டியது. எந்த வழியில் நடப்பது என்னும் வினா தமிழர் முன்னும் நிற்கின்றது. ஏனெனில், இத்தகைய கற்கள் தமிழ்மண்ணிலும் உள.

ஓடு கல்லான வழி

தமிழகக் கடற்கரையூர்களில் கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது பழந்தொழில். உள்நாட்டில் சுண்ணக்கல்லைச் சுட்டு அதே சுண்ணாம்பை எடுத்தனர். கிளிஞ்சலும் கல்லும் நெருப்பிலிட்டபின் ஒன்றாவது ஏன்? இரண்டும் ஒரே பொருளால் ஆனவை, அதனால் ஒன்றாகின்றன. காளவாய்க்காரர் கைகண்ட இவ்வுண்மையில் மலைமேற் சிப்பியின் கதை பாதி அடங்கிவிட்டது.

கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துச் சிப்பியும் நத்தையும் தம் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. உயிர் பிரிந்ததும் ஓடு கடலடியில் தங்குகிறது. ஆறுகள் கொணரும் களியும் மணலும் அதனை மூடுகின்றன. அதன்மேல் வேறோர் அடுக்கு. அதன்மேல் மற்றோர் அடுக்கு. மேலடுக்கின் பொறையால் கீழடுக்கு இறுகுகின்றது. நீரிற் கரைந்த சுண்ணம் இடுக்குகளிற் புகுந்து பிணைக்கின்றது. சேறு கல்லாகிறது, ஓடும் அக்கல்லின் ஓர் உறுப்பாகிறது. சிலவிடங்களில் ஓடு கரைந்துபோக, அதன் வடிவம் மட்டும் அச்சாக நிற்கும்; அவ்வச்சினுள் வேறு பொருள் நிரம்பி, வார்ப்பட உருவம்போல் ஓட்டின் வரிகளை ஒன்றுவிடாமற் காட்டும். இறந்தவுடன் புதையுண்டவையே பெரும்பாலும் இவ்வாறு எஞ்சும். ஆகலின் கடலுயிர்களின் கல்லுருக்கள் மிகுந்திருக்கும் இடம், ஒருகாலத்தில் கடலடியாகவே இருந்திருத்தல் வேண்டும்.

கடலடி மலையுச்சி ஆனது எவ்வாறு என்பதே எஞ்சிய பாதி.

வெள்ளக்கதையும் அதன் வீழ்ச்சியும்

உலகை மூடிய பெருவெள்ளத்தைப்பற்றிய கதை பல மக்களிடையே உண்டு. யூதர், கிறித்தவர் மறைநூலில் நோவாவின் வெள்ளம் வருகின்றது. வடமொழிப் பழங்கதைகளில் மனுவின் வெள்ளம் வருகின்றது. ஐரோப்பாவில் மலைமேற் சிப்பிகளைக் கண்டோர், "இவை நோவாவின் வெள்ளம் கொண்டுவந்து போட்டவை" என்று கூறி அமைந்தனர். வேறு சிலர், "இவை உயிர்களே அல்ல, விண்மீன்களின் ஆற்றலால் கல்லுக்குள் தாமே விளைந்த வடிவங்கள்" என்றனர்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஓவியர் இலியனார்தோ தா வின்சி இவ்விரு விடைகளையும் தம் குறிப்பேட்டில் உடைத்தெறிந்தார். அவர் கையாண்ட கருவி உற்றுநோக்கும் கண் ஒன்றே. சிப்பியின் இரு மூடிகளையும் பிணைக்கும் நார் இறந்தபின் அழுகிவிடும். மூடிகள் பிரிந்து தனித்தனியே சிதறும். ஆனால் மலைப்பாறையில் இரு மூடிகளும் பிணைந்தபடியே பல சிப்பிகள் கிடந்தன. தொலைவிலிருந்து வெள்ளம் புரட்டிக் கொணர்ந்திருந்தால் அவை பிணைந்திரா; வாழ்ந்த இடத்திலேயே புதையுண்டவை அவை என்றார்.

உயிரோடு நடந்து வந்திருக்கலாகாதோ என்பார்க்கும் அவர் கணக்கொன்று வைத்திருந்தார். சிப்பி ஒரு நாளில் நகரக்கூடிய தொலைவு சில முழமே. மறைநூல் கூறும் 40 நாள் வெள்ளத்தில், ஆதிரியக் கடலினின்று 250 கல் தொலைவிலுள்ள மலைக்கு அது ஊர்ந்து சேர்வதெப்படி? மேலும், மழைவெள்ளம் மலையிலிருந்து கடலுக்கு இறங்குமேயன்றிக் கடலிலிருந்து மலைக்கு ஏறுமோ? சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பல அடுக்குகளிற் கிடப்பதை ஒரே வெள்ளத்தால் விளக்குவதெப்படி? இவ்வினாக்களுக்கு வெள்ளக்கதையிடம் விடையில்லை.

1666ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு மருத்துவர் நிக்கோலாசு சுடெனோ, புளோரன்சு நகரில் ஒரு பெருஞ்சுறாவின் தலையை அறுத்து ஆய்ந்தார். மால்தாத் தீவின் பாறைகளிற் கிடைத்தவையும் பாம்பின் நாக்குக் கல்லாகியவை என மக்கள் நம்பியவையுமான "நாக்குக்கற்கள்", அச்சுறாவின் பற்களை அப்படியே ஒத்திருக்கக் கண்டார். 1669ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் நிலவியலுக்கு அடிக்கல்லாயிற்று. பாறையடுக்குகள் நீரடியில் கிடைநிலையாகப் படிந்தவை. கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. சாய்ந்தும் மடிந்தும் நிற்கும் அடுக்குகள் படிந்தபின் அசைக்கப்பட்டவை. இன்று பள்ளிப்பிள்ளையும் உணரத்தக்க இவ்வெளிய நெறிகளே மலையைப் படிக்கும் எழுத்துக்களாயின.

இவ்வறிவு ஒரு நாட்டாரின் தனியுடைமையும் அன்று. கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே செனோபனீசு என்னும் கிரேக்க அறிஞர், மலைகளிற் சிப்பிகளும் சிரக்கூசுக் கற்குழிகளில் மீன்பதிவுகளும் இருப்பது கொண்டு, நிலம் ஒருகாலத்தில் கடலோடு கலந்த சேறாக இருந்தது என்றார். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் சீனத்தின் சென் குவோ, கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள தைகாங்கு மலையின் செங்குத்துப் பாறையில் சிப்பிகள் பட்டைபோற் பதிந்திருக்கக் கண்டு, அவ்விடம் பண்டைக் கடற்கரை எனத் துணிந்தார். இருவரிடமும் நுண்ணோக்கி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. கல்லைப் பார்த்தனர், கண்டதைக் கண்டவாறே கூறினர். அதற்கு வேண்டியது நேர்மை ஒன்றே.

நிலம் எழுந்த வழி

நிலம் எழுந்ததன் தடயத்தை ஒருவர் கண்ணாரக் கண்டதும் உண்டு. 1835ஆம் ஆண்டு பெப்ருவரி 20ஆம் நாள் தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பெருநிலநடுக்கம் நேர்ந்தது. அப்போது அக்கரையோரம் பயணம் செய்துகொண்டிருந்த சார்லசு தார்வின், கரை மேலெழுந்திருந்ததற்கான தடயங்களைப் பதிவு செய்தார். சாந்தா மரியா என்னும் தீவில், பாறையைப் பற்றியிருந்த சிப்பிகள் ஏற்றநீர் மட்டத்துக்குப் பத்தடி உயரத்தில், பற்றியபடியே அழுகிக் கிடந்தன. பின்னர் அவரே ஆந்தீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாயொன்றில் கல்லான சிப்பிகளைக் கண்டார். கரையில் அழுகிய சிப்பியும் கணவாயிற் கல்லான சிப்பியும் ஒரே கதையின் முதலும் முடிவுமாயின.

சிறுகச் சிறுக எழுந்து மலையாகுமோ என்பார் கணக்கிட்டுப் பார்க்கட்டும். தச்சர் அளவில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நிலம் ஆண்டொன்றுக்கு அரை நூல் எழுவதாகக் கொண்டால், ஒரு கோடி ஆண்டில் 52,000 அடி எழுந்துவிடும்! எவரெசுட்டைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. மழையும் பனியும் ஆறும் ஓயாது அரித்துக் கொண்டுபோவதனால்தான் மலைகள் அவ்வளவு உயராமல் நிற்கின்றன. காலத்தின் நீளத்தை உணராதவர்க்கே மலையின் உயரம் வியப்பாகும்.

எழச்செய்யும் ஆற்றல் எது? 1912ஆம் ஆண்டில் செருமானிய வானிலையறிஞர் ஆல்பிரெட்டு வெகனர், பெருநிலங்கள் இடம்பெயர்கின்றன என்றார். 1915ஆம் ஆண்டில் நூலாகவும் எழுதினார். நிலவியலறிஞருட் பலர் அவரை எள்ளினர். 1960ஐ அடுத்த ஆண்டுகளிற் கடலடித்தரை ஆராயப்பட்டபின்னரே, ஞாலத்தின் மேலோடு பெருந்தட்டுகளாகப் பிளந்து நகர்கின்றது என்பது உறுதியாயிற்று.

எவரெசுட்டின் உச்சிச் சுண்ணக்கல், கோண்டுவானா என்னும் பழம்பெருநிலத்தின் வடவோரத்திலிருந்த ஆழமில்லாக் கடலில் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் படிந்தது. பின்னாளில் அப்பெருநிலத்துக்கும் ஆசியாவுக்கும் இடையில் விரிந்து கிடந்த கடலுக்குத் தெதிசு என்று 1893ஆம் ஆண்டில் எடுவர்டு சூசு என்னும் அறிஞர் பெயரிட்டார். கோண்டுவானாவிலிருந்து பிரிந்த இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியத் தட்டை முட்டியது. இடையிலிருந்த கடல் மூடுண்டது. கடலடிப் படிவுகள் நசுங்கி, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றேறி இமயமாயின. அம்முட்டல் இன்றும் ஓயவில்லை. ஆண்டுக்கு ஒன்றரை அங்குல அளவில் இந்தியத் தட்டு வடக்கே நெருக்கிக்கொண்டே இருக்கின்றது. இமயத்தின் சிப்பியைத் தேடிக் கடல் மேலே செல்லவில்லை. கடலடியே சிப்பியைச் சுமந்துகொண்டு மேலே சென்றது.

பாலையிற் கிடக்கும் திமிங்கலம்

பாலைநிலத்துக் கல் கூறுவது சற்றே வேறு கதை. எகிபதின் தலைநகர் கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கல் தொலைவில் "திமிங்கலப் பள்ளத்தாக்கு" எனப் பொருள்படும் வாதி அல் கித்தான் உள்ளது. அங்குள்ள திமிங்கலங்கள் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவை. அவற்றுட் பெரியவை 50 முதல் 60 அடி நீளம். தெதிசுக் கடல் அன்று எகிபதின் வடபாகத்தை மூடியிருந்தது. ஆப்பிரிக்கத் தட்டு வடக்கே நகர நகர நிலம் உயர்ந்தது, கடல் பின்வாங்கியது, கடலடிப் படிவுகளைக் காற்று அரித்து எலும்புகளை வெளிக்கொணர்ந்தது. 2005ஆம் ஆண்டில் ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இப்பள்ளத்தாக்கை உலக மரபுச்செல்வமாக அறிவித்தது.

அத்திமிங்கலத்தின் பெயரே ஒரு பாடம். அமெரிக்காவிற் கிடைத்த அவ்வினத்து எலும்பைப் பல்லியினத்தது எனத் தவறாகக் கருதி, 1834ஆம் ஆண்டில் அதற்குப் "பல்லிவேந்தன்" என்னும் பொருளில் பெயரிட்டனர். சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் இரிச்சர்டு ஓவன் அதன் பல்லை ஆய்ந்து, அது பாலூட்டி என மெய்ப்பித்தார். எகிபதின் எலும்புக்கூடுகளிலோ சிறு பின்னங்கால்களும் இருந்தமை பின்னர்க் கண்டறியப்பட்டது. நிலத்தில் நடந்த விலங்கின் வழிவந்ததே திமிங்கலம் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமோ? மாந்தர் இட்ட பெயர் பொய்த்தது, எலும்பு பொய்க்கவில்லை.

எகிபதின் கூம்புக்கோபுரங்கள் பலவும் இத்தகைய கடற்படிவுக் கற்களால் எழுந்தவை. அக்கற்களில் காசுபோல் வட்டமான ஓரணு உயிரிகளின் ஓடுகள் நிறைந்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்குச் சென்ற திராபோ என்னும் கிரேக்க நிலநூலறிஞர், கோபுரத்தின் அடியில் பருப்பு வடிவிற் குவிந்துகிடந்த கற்சில்லுகளைப்பற்றி மக்கள் கூறியதைக் குறித்துவைத்தார்: கோபுரம் கட்டிய வேலையாள்கள் உண்டெஞ்சிய பருப்பே கல்லாகிவிட்டதாம்! பருப்புக்கதை இன்று நகைப்புக்கு இடமாகின்றது. ஆயினும் கல்லைக் கேளாமலே கதை கட்டும் வழக்கம் இன்றும் ஒழிந்ததோ?

தொழப்பட்ட கல்

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் உருண்டுவரும் கருங்கற்களை உடைத்தால் உள்ளே சுருள்வடிவம் தோன்றும். அவற்றைச் சாளக்கிராமம் எனப் பெயரிட்டுத் திருமாலின் வடிவாகத் தொழுகின்றனர். அச்சுருளைத் திருமாலின் ஆழி என்கின்றனர். உண்மையில் அது தெதிசுக் கடலில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்து, இன்று இனமே அற்றுப்போன கடலுயிரியின் ஓடு. சுபித்தியிற் கிடைக்கும் கொம்போட்டின் உடன்பிறப்பு.

தொழுவோர் தொழட்டும், அது அவரவர் உரிமை. இரங்கத்தக்கது வேறொன்று. கடல் மலையானதற்கான சான்றை ஆறே கொண்டுவந்து கையிற் கொடுத்தும், பல நூற்றாண்டுகளாக அக்கல்லைப் பட்டில் மூடி, அதன் விலையையும் அதனைத் தொடத் தகுந்தோர் யார் என்பதையும் ஆய்ந்தனரேயன்றி, "இது எங்கிருந்து வந்தது?" என்று வினவினாரிலர். மூடநம்பிக்கையின் பெருங்கேடு பொய்யை நம்பச்செய்வதினும் மெய்யை வினவாமற் செய்வதே.

தமிழ்மண்ணிற் கிடந்த கடல்

அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் 11 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு வரையிலான கடற்படிவுகள் அடுக்கடுக்காக உள. காரை என்னும் ஊரருகே மழைநீர் அரித்த களிமேடுகளில் கொம்போடுகள் கிடைக்கின்றன. கல்லங்குறிச்சிச் சுண்ணக்கல்லில் தடித்த ஓட்டுச் சிப்பிகள் நெருங்கிப் பதிந்துள்ளன. சாத்தனூரில் ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது. நிலத்தினின்று அடித்துச் செல்லப்பட்டுக் கடற்படிவிற் புதைந்து கல்லான மரம் அது.

இங்கு இமயத்தைப்போல் நிலம் வானளாவ எழவில்லை. கோண்டுவானா பிளந்தபோது கிழக்குக்கரையோரம் தாழ்ந்தது. உலகக் கடல்மட்டமும் அன்று இன்றையதினும் பல நூறடி உயர்ந்திருந்தது. ஆகலின் கடல் உள்நாடு புகுந்தது. பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் இறுதியில் அகன்றது. இமயத்தில் நிலம் ஏறியது. எகிபதில் கடல் விலகியது. அரியலூரிற் கடல் வந்து மீண்டது. ஒரே வெள்ளம் என்னும் ஒற்றைக்கதைக்குள் இவை அடங்குமோ? ஒவ்வோரிடத்துக் கல்லும் தன் கதையைத் தனியே கூறுகின்றது.

ஈண்டுத் தமிழுணர்வாளர் விழிப்போடிருத்தல் வேண்டும். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. அரியலூர்ச் சிப்பியைக் கண்டதும் அதனைக் கடல்கோளுக்குச் சான்றாக்க உள்ளம் துடிக்கலாம். அது தவறு. அச்சிப்பிகள் வாழ்ந்த காலத்தில் மாந்தனே இல்லை. மாந்தவினத்தின் அகவை ஏறத்தாழ மூன்று நூறாயிரம் ஆண்டே. 1864ஆம் ஆண்டில் பிலிப்பு சிகிளேட்டர் கூறிய இலெமூரியா என்னும் மூழ்கிய பெருநிலமும், நிலத்தட்டுகளின் நகர்ச்சி உறுதியானபின் அறிவியலாற் கைவிடப்பட்டது. அதனை இன்றும் பற்றிநிற்பது பகைவர் கையில் வாளைக் கொடுப்பதாகும்.

மெய்யான சான்று வேறிடத்தில் உள்ளது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பெரும்பனிக் காலத்திற் கடல்மட்டம் இன்றையதினும் ஏறத்தாழ 400 அடி தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் கரையோரமும் பாக்கு நீரிணையும் நிலமாயிருந்தன. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகக் கடல் ஏறி அந்நிலத்தை விழுங்கியது. தமிழரின் கடல்கோள் நினைவை ஆராய விரும்புவோர் அக்கடலடியைத் துருவட்டும். பிறர் கதையைக் கல்லின்மேல் ஏற்றியதை எள்ளிவிட்டுத் தம் கதையை ஏற்றுவது அறமாகாது. தமிழின் பெருமைக்குப் பொய்த்துணை வேண்டியதுமில்லை.

அழிகின்ற சான்று

அரியலூர்க் கற்களை முதலில் உலகுக்கு அறிவித்தோர் அயலாரே. 1846ஆம் ஆண்டில் எட்வர்டு போர்பசு, புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் கல்லுருக்களை விளக்கி எழுதினார். பின்னர்ப் பெர்தினாந்து சுதோலிச்கா, தென்னாட்டுக் கடற்படிவுகளின் உயிரிகளை 1873ஆம் ஆண்டுவரை தொகுதி தொகுதியாக வரைந்து வெளியிட்டார். தமிழ்மண்ணின் சிப்பிகள் ஆங்கிலத்தில் ஆயப்பட்டு, இலத்தீனிற் பெயர் பெற்றன. அவற்றைக் காலில் இடறிச்சென்ற உழவர்க்கோ அவர்தம் மொழியில் எவரும் எடுத்துரைத்திலர்.

இன்று அக்கற்களுக்கு வேறோர் இடர். அரியலூர்ச் சுண்ணக்கல் சிமெந்து எனப்படும் பைஞ்சுதைக்கு மூலப்பொருள். ஆழக் குழிகள் தோண்டப்படுகின்றன. வெடிவைத்துப் பெயர்த்த கல் அரவையிற் பொடியாகின்றது. தமிழகத்துச் சுவர்கள் பலவற்றில் அப்பழங்கடல் பூசப்பட்டுள்ளது. வீடு வேண்டும்; பிழைப்பும் வேண்டும்; தொழிலை நிறுத்துக எனக் கூறுவார் எவருமிலர். ஆனால் ஒருமுறை பொடித்த சான்று மீளாது. தோண்டிய குழியில் நீர் நிறையும், நிலவரலாறு நிறையாது.

ஆகலின் தமிழர் கேட்கவேண்டியவை சில. வெடிவைக்குமுன் நிலவியலறிஞர் ஆய்ந்து, அரியவற்றை எடுத்துப் பேணும் நடைமுறை கட்டாயமாதல் வேண்டும். அடுக்குகள் தெளிவாகத் தோன்றும் சில இடங்களேனும் என்றைக்கும் தோண்டப்படாதவாறு சாத்தனூர்க் கல்மரம்போற் காக்கப்படல் வேண்டும். வாரணவாசியில் அமைந்துள்ள அருங்காட்சியகத்துக்கு மாணவர் ஆண்டுதோறும் சென்று, அயலாரின் பெயர்ப்பட்டியலை நெட்டுருச் செய்யாது, தம் ஊர்க்கல்லைத் தம் கையிலேந்தித் தம் மொழியில் வினாத் தொடுக்கப் பழகுதல் வேண்டும். கொம்போடு, கடலல்லி, கல்லுரு, நிலத்தட்டு என எளிய தமிழில் இவ்வறிவு முழுவதையும் கூறவியலும். கூறவியலாது என்பவர் முயலாதவரே.

தாய்மொழியில் வினவத் தெரியாத மக்கள் பிறர் விடையைத் தொழுவர். அன்றேல் தாமே ஒரு கதை கட்டுவர். இரண்டும் அடிமைத்தனமே. தமிழ்மண்ணின் கல் பதினொரு கோடி ஆண்டுகளாகத் தன் சான்றைக் காத்துவந்துள்ளது. அதனைத் தமிழர் கேட்குமுன் அரவைக்கு அனுப்புவதோ?